பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் போட்ட கிளாம்ப்

பிற்பகல் ஒன்று ஐம்பது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் அவிழ்ந்த கூந்தலைச் சுருட்டி ஒரு நீலப் பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டினாள். அந்தக் கிளிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு நினைவு வந்தது. வார்டில் ஆறாம் படுக்கைக்காரரின் சிறுநீர்க் குழாயை அடைக்க நான் போட்ட நீலக் கிளாம்ப்பை எடுக்காமல் வந்துவிட்டேன். போட்டது பன்னிரண்டு இருபத்தைந்துக்கு.

அந்தக் குழாய் எண்பத்தைந்து நிமிடமாக அடைபட்டிருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்துகொண்டே இருக்கும். படுக்கையில் இருப்பவருக்கு அது தெரியாது. நெஞ்சுக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது.

போன மாதம் எங்கள் பழைய வார்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் போனில் கேட்டாள்: "மேடம், கிளாம்ப் போட்டா ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்னு இங்க ஒரு ரூல் இருக்கு. எதுக்குன்னு யாருக்கும் தெரியல." நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அந்த மருத்துவமனை செங்கல்பட்டுக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்தியது. பிறகு வேறு கைக்கு மாறிவிட்டது. பெயர் சொல்லப்போவதில்லை. நடந்ததற்கு என்மீது விசாரணை வைத்தார்கள். நான் எழுதிக் கொடுத்த விளக்கம் இரண்டு பக்கம். அது கோப்பில் இருக்கும். கோப்பில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நர்ஸ் படிப்புக்குப் போகும் முன், இரண்டு வருடம் ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபரிடம் செய்திகளைப் படியெடுக்கும் வேலை பார்த்தேன். முதலில் மணி, பிறகு இடம், பிறகு பார்த்தது, கடைசியில்தான் கேள்விப்பட்டது என்பது அங்கே படிந்த பழக்கம். நர்ஸ் படிப்பு மூன்று வருடம். அதற்குப் பிறகு பிரசவ வார்டு, காய்ச்சல் வார்டு. முப்பத்தாறு வயதில் தண்டுவட வார்டுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு படுக்கை. கடைசிவரை அங்கேதான்.

அந்த வார்டின் தலைமை மருத்துவரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியானவர். குரல் உயராது. சட்டைப் பையில் ஒரு கொத்து ஈர்க்குச்சிகள் இருக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு குச்சி, பிறகு அதை உடைத்துப் போட்டுவிடுவார். தினமும் மாலை ஐந்து மணிக்குச் சுற்றி வருவார். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, காலிலிருந்து மேலே குச்சி முனையால் குத்திக்கொண்டே வருவார். "குத்துதா, சும்மா தொடுதா?" என்று கேட்பார். குத்துவது தெரியும் இடம் வந்ததும் அங்கே தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுவார். பிறகு பஞ்சு. பிறகு ஐஸ் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய். பிறகு கால் கட்டை விரலைப் பக்கவாட்டில் பிடித்து, "மேலயா, கீழயா?" என்பார். கடைசியாகத் தன் புறங்கையை நோயாளியின் கழுத்திலிருந்து வயிறு வரை மெதுவாக இழுத்து, வியர்வை எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்.

எதற்கு இத்தனை என்று நான் முதல் வாரம் கேட்டேன்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழியில போகுது சிஸ்டர்" என்றார். "வலியும் சூடும் தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்ச உடனே எதிர்ப்பக்கம் தாண்டிடும். விரல் எந்தப் பக்கம் மடங்கியிருக்குங்கற செய்தி தாண்டாது. அதே பக்கமா மேல போய், மூளைக்குக் கிட்டதான் தாண்டும். அசையச் சொல்ற உத்தரவு மேல இருந்து கீழ வருது. எந்த வழி அறுந்திருக்குன்னு தெரிஞ்சா, எந்த இடத்துல அறுந்திருக்குன்னு தெரியும்."

"வியர்வை?"

"அது நம்ம பேச்சைக் கேக்காத வழி. ரத்தக் குழாய், வியர்வை, சிறுநீர்ப்பை. அதைக் குச்சியால சோதிக்க முடியாது. பயப்படுறதா இருந்தா அதுக்குப் பயப்படுங்க."

அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் நான் முதலில் பயந்தேன். வார்டுக்கு வந்த மூன்றாம் மாதம், தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காலை எட்டு மணிக்கு நான் சோதித்துப் போட்ட கோடு தொப்புளில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அதற்கு மூன்று விரல் மேலே. இரண்டு மணிக்கு விலா எலும்பின் ஓரம். அவர் தலையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்தார். "சிஸ்டர், இது மேல வந்துகினு கீதா?" என்று கேட்டார். நான் பேனாவை மூடினேன். அன்று மாலையே அவரைச் சென்னைக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கோடு மார்புக் காம்புக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை.

இன்னொருவர் கடப்பாக்கத்து மீனவர். வாய்ச்சண்டையில் முதுகில் கத்தி இறங்கியிருந்தது. தண்டுவடத்தில் வலது பாதி மட்டும் அறுந்திருந்தது. வலது கால் அசையாது, ஆனால் சுட்டால் தெரியும். இடது கால் நன்றாக அசையும், சுட்டால் தெரியாது. ஒருநாள் மூடி சரியாகப் போடாத டீ பிளாஸ்க் அவர் இடது காலில் சாய்ந்து கொட்டியது. அவர் பக்கத்துப் படுக்கைக்காரரோடு பேசிக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தோல் கொப்பளமாக எழும்பிக்கொண்டிருந்தது. அவரும் குனிந்து பார்த்தார். "இன்னா சிஸ்டர் இது, யார் வூட்டுக் காலு?" என்றார். சிரித்தார். 

இனி ஆறாம் படுக்கை. தினேஷ், வயது முப்பத்தொன்று, கருங்குழிக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மாமல்லபுரத்தில் கடலில் இறங்கியிருக்கிறார். இடுப்பளவு தண்ணீர்தான். பின்னால் வந்த அலை அவரைத் தலைகீழாகத் தூக்கி மணலில் குத்தியது. சீஃப் போட்ட கோடு மார்புக் காம்புக்கு ஒரு விரல் மேலே நின்றது. ஏழு வாரமும் அது நகரவில்லை. கோட்டுக்குக் கீழே எதுவும் இல்லை. மேலே இரண்டு கைகளும் முழுதாக இருந்தன.

அந்தக் கைகளை வைத்துத்தான் அவருடைய மீதி வாழ்க்கையைக் கணக்குப் போட்டிருந்தோம். இது நடந்ததற்கு முந்தின வாரம் முதல்முறையாக, யாரும் தூக்காமல், இரண்டு கைகளையும் ஊன்றிக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நகர்ந்தார். நகர்ந்து முடித்ததும், "போலாம் ரைட்" என்று தானே விசில் அடித்தார். கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்கும் வண்டி செய்து தருவதாக மதுராந்தகத்தில் ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தார்.

கிளாம்ப் போட்ட அன்று காலை அவர் மனைவி மஞ்சுளா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், இன்னைக்கு எங்கப்பா வர்றாரு. கூட அத்தை, பெரியப்பா எல்லாம். அந்தப் பைய மட்டும் கொஞ்சம்..."

தினேஷ் கட்டிலிலிருந்தே கத்தினார்: "மூத்திரப் பை மாட்டிகினு கீற மாப்பிள்ளையப் பாத்தா, பொண்ண கையோட இட்டுனு பூடுவாரு சிஸ்டர்!"

"இட்டுனு போனா நிம்மதியாப் போயிடுவேன்" என்றாள் மஞ்சுளா. "யோவ், தலைய ஒழுங்கா வாரு மொதல்ல."

எங்கள் வார்டில் இதற்கு ஒரு பெயர் இருந்தது. மாப்பிள்ளை வேஷம். பெண் வீட்டார், ஊர்ப் பெரியவர்கள் என்று யாராவது பார்க்க வந்தால், நோயாளிக்கு முகம் கழுவி, வெள்ளைச் சட்டையும் வேட்டியும் போட்டு, தலையணைகள் வைத்துச் சாய்த்து உட்காரவைப்போம். கட்டிலின் ஓரத்தில் தொங்கும் சிறுநீர்ப் பையை எடுத்துத் தொடைக்குப் பக்கத்தில் வேட்டிக்குள் வைப்போம். பை மேலே வந்தால் சிறுநீர் உடம்புக்குள் திரும்பிப் போகும் என்பதால் குழாயில் ஒரு கிளாம்ப். உறவினர்கள் போனதும் எடுத்துவிடுவோம். அரைமணி நேரத்து வேலை. எல்லா நர்ஸும் செய்தோம். நோயாளிக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தோம். சீஃபுக்குச் சொன்னதில்லை. வார்டுப் புத்தகத்தில் எழுதியதும் இல்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கிளாம்ப் போட்டேன். "மாப்பிள்ளை ரெடி" என்றேன். பன்னிரண்டரைக்கு ஆறு பேர் வந்தார்கள். கையில் நாலு இளநீர். பன்னிரண்டு நாற்பதுக்கு, சென்னை நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் அடி. நான் அங்கே போனேன்.

ஒரு மணிக்கு ஷிஃப்ட் மாற்றம். வழக்கமாகப் படுக்கை படுக்கையாக நடந்து ஒப்படைப்போம். அன்று விபத்துக்காரரை விட்டு நகர முடியாமல், அவர் பக்கத்தில் நின்றபடியே புத்தகத்தைப் பார்த்து ஒப்படைத்தேன். எனக்கு அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்த நர்ஸ் ஜெயந்தி ஆறாம் படுக்கையைத் தூரத்திலிருந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டை, சுற்றிலும் உறவினர்கள், சிரிப்பு. "நல்லா இருக்காரே" என்றாள். "நல்லா இருக்கார்" என்றேன். புத்தகத்தில் கிளாம்ப் இல்லை.

பஸ்ஸில் இருந்தபடி வார்டு போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஜெயந்தியின் செல்போன் அலமாரியில் பூட்டியிருக்கும், அது விதி. கண்டக்டரிடம் சொல்லி நடுவழியில் இறங்கினேன். வயலும் ஒரு செங்கல் சூளையும்தான் இருந்தன. எதிர்த் திசையில் பஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. வார்டில் செல்போனை இடுப்பில் ஒளித்து வைத்திருப்பவள் கஸ்தூரி ஒருத்திதான். தூய்மைப் பணியாளர். அவளுக்கு அடித்தேன். மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

"இன்னா சிஸ்டர், டிபன் பாக்ஸ வுட்டுட்டுப் பூட்டியா?"

"கஸ்தூரி, ஆறாம் நம்பர் எப்படி இருக்கார்?"

"ஐய, அங்கதான் கும்பலா கீது. ஜெயந்தி சிஸ்டரு ஆக்சிடென்ட் ஆளோட ஸ்கேனுக்குப் பூட்டாங்க. தலவலி, மண்ட வெடிக்குதுனு கத்திகினு கீறாரு. மூஞ்சி செக்கச்செவேல்னு கீது. வேர்வ ஊத்துது. கையத் தொட்டேன், கொதிக்குது. காலத் தொட்டேன், ஐஸு மாரி கீது. முடியெல்லாம் குத்திட்டு நிக்குது. பேய் புடிச்சிகிச்சானு அவுங்க அத்த அயுவுது."

 அவள் சொன்ன ஒவ்வொன்றும் சீஃப் எங்களுக்குச் சொல்லி வைத்தது. நிறைந்த சிறுநீர்ப்பை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகிறது. செய்தி அறுந்த இடத்தில் நின்றுவிடுகிறது, அதனால் அவருக்கு வலி தெரியவில்லை. ஆனால் அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் அந்தச் செய்தியைக் கேட்டுவிடுகிறது. கேட்டு, கீழே உள்ள ரத்தக் குழாய்களையெல்லாம் இறுக்குகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. மூளைக்கு அது தெரிகிறது. இதயத்தை மெதுவாக்குகிறது, முகத்து ரத்தக் குழாய்களை விரிக்கிறது, கீழே உள்ளவற்றையும் தளர்த்தச் சொல்லி உத்தரவு அனுப்புகிறது. அந்த உத்தரவும் அறுந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அடைப்பை எடுக்கும்வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மூளையில் எங்காவது ஒரு குழாய் வெடிக்கும்.

ஒருமுறை ஒரு மாணவர் தண்டுவடத்தை அறுந்த போன் கம்பி என்றார். சீஃபுக்குப் பிடிக்கவில்லை. "கம்பி அறுந்தா சும்மா கிடக்கும். இது சும்மா கிடக்காது. கீழ இருக்கறது செத்துப்போகல, யாரையும் கேக்காம வேலை செய்யும்" என்றார்.

"கஸ்தூரி, பி.பி. எவ்வளவுன்னு சொன்னாங்களா?"

"எரநூத்திப் பத்துனு சொல்லிகினாங்க."

அவருக்கு வழக்கமாக நூறு.

"போனை டாக்டர்கிட்டக் குடு."

"நா போனு வச்சிகினு கீறேன்னு தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க சிஸ்டர்."

"குடு கஸ்தூரி."

பணியில் இருந்தது வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமான இளம் மருத்துவர். பின்னால் மஞ்சுளாவின் அழுகை கேட்டது. "யாருங்க? பேஷன்ட் சீரியஸ். மாத்திரை குடுத்திருக்கு. அப்புறம் பேசுங்க" என்றார். கிளாம்ப் என்ற சொல்லை நான் முடிக்கும் முன் துண்டித்துவிட்டார். மறுபடி அடித்தேன். கஸ்தூரி எடுத்தாள்.

"நீ சொல்லு சிஸ்டர். நா செய்யிறேன்."

"போர்வையை எடு. வேட்டியை விலக்கு. வலது தொடைப் பக்கம் பை இருக்கும். பையிலிருந்து போற குழாயில நீலக் கிளிப்."

"இரு... ஆங், கீது. டாக்டரு திட்றாரு சிஸ்டர்."

"திட்டட்டும். ரெண்டு பக்கமும் சேத்து அமுக்கு."

"அமுக்கிட்டேன். வுட்டுச்சு. ஐயோ, இன்னா வேகமா வருது!"

"பையைக் கீழ இறக்கு. அவரை உட்கார வை. கால் கீழ தொங்கணும்."

"படுக்க வச்சி கீறாங்களே. தலவலி, படுக்கணும்னு டாக்டரு சொல்றாரு."

தலைவலி என்றால் படுக்க வைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். இவருக்கு அது அழுத்தத்தை இன்னும் தலைக்கு ஏற்றும். தலையணைகளை எடுத்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

"கஸ்தூரி, அவர் மாமனார் அங்க இருக்காரா? தூக்கி உட்கார வைக்கச் சொல்லு."

போனை அவள் இறக்கிவிட்டாள் போலிருக்கிறது. சத்தம் மட்டும் கேட்டது. "யோவ் பெர்சு, தூக்குயா அந்தாள!" பிறகு ஒரு முதிய ஆண் குரல்: "நவுரு சார்." கட்டில் நகரும் சத்தம். மணி இரண்டு ஆறு.

செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ் இரண்டு பதினைந்துக்கு வந்தது. வார்டுக்குள் நுழைந்தது இரண்டு ஐம்பது. தினேஷின் மாமனார் கட்டிலில் ஏறி, பின்னால் உட்கார்ந்து, மருமகனைத் தன் நெஞ்சில் சாய்த்து இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தார். சிறுநீர்ப் பை நிறைந்து கட்டிலுக்குக் கீழே தொங்கியது. எல்லோரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். பி.பி. நூற்று முப்பது. முகம் வெளுத்திருந்தது. கால் ரோமங்கள் படிந்திருந்தன.

"சிஸ்டர்" என்றார் தினேஷ். சொல் சரியாக வந்தது. மூளையில் எதுவும் வெடிக்கவில்லை என்று நம்பினேன். மஞ்சுளா தண்ணீர்த் தம்ளரை நீட்டினாள். இடது கையால் வாங்கிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். அசதி என்று நினைத்தேன்.

சீஃப் காலையிலிருந்து அறுவை அரங்கில் இருந்தார். ஐந்து மணிக்கு வந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"கிளாம்ப் யார் போட்டது?"

"நான் சார்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டு இருபத்தைந்து."

"எடுத்தது?"

"ரெண்டு ஆறு. எடுத்தது கஸ்தூரி."

இரண்டையும் எழுதிக்கொண்டார். "எதுக்குப் போட்டீங்க?"

"மாமனார் பையைப் பார்க்கக் கூடாதுன்னு கேட்டாங்க சார்."

சீஃப் அந்த முதியவரைப் பார்த்தார். அவர் இன்னும் மருமகனுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"நா மொத வாரமே வந்து பாத்துட்டன் சார்" என்றார் அவர். "பொண்ணு டீ வாங்கப் போயிருந்திச்சி. இவரு தூங்கிகினு இருந்தாரு. பையிலாம் பாத்துட்டு அப்டியே பூட்டன். எதுக்கு எழுப்பணும்னு."

மஞ்சுளா தரையைப் பார்த்தாள்.  நான் என் பையில் இருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 

சீஃப் அன்று ஈர்க்குச்சியை எடுக்கவில்லை. குனிந்து, தன் இரண்டு சுட்டு விரல்களையும் தினேஷின் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிங்க."

இடது கை பிடித்தது. வலது கை பிடிக்கவில்லை.